பார்சலோடு வந்த பில்

(சென்னையில் கிளியரிங் ஏஜென்ட் (சுங்கத்திலிருந்து சரக்கை எடுத்துத் தருபவர்) அலுவலகத்தில் பல காலம் இருந்துவிட்டு, இப்போது கீழக்கரையில் வசிக்கும் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனை இப்படித்தான் அழைப்போம்) இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: துபாயில் இருக்கும் என் தம்பி, பிள்ளைகளுக்குத் துணிமணியும் ஸ்கூல் பைகளும் வாங்கிக் கூரியரில் அனுப்பினான். பொருள் விலை நம் கணக்கில் 5,000 ரூபாய். அங்கேயே கூரியருக்கு 3,200 கட்டியும் விட்டான். ஆனாலும் பார்சல் கொண்டுவந்த பையன் வாசலில் நின்று இன்னும் 2,690 ரூபாய் கேட்டான். பிள்ளைகள் பெட்டியைப் பார்த்துவிட்டதால் கொடுத்துவிட்டேன். அன்பளிப்புக்கு வரியே இல்லை, ஏமாற்றுகிறார்கள் என்கிறான் தம்பி. பில் போட்டோ அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி, காக்கா?
- ஒரு வாசகி, பெரியபட்டினம்

பதில்: தம்பி சொல்வது பழைய கதை, தங்கச்சி. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வரும் சாமான்களுக்கு ஒரு மதிப்பு வரை முன்பு வரி விலக்கு இருந்தது. வெளிநாட்டு ஷாப்பிங் ஆப்களில் காசு கொடுத்து வாங்கிய சரக்கெல்லாம் 'கிஃப்ட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்ததும், 2019 டிசம்பரில் அந்த வாசலை அடைத்துவிட்டார்கள். உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிறுக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு சேர்த்து அனுப்பும் பரிசுக்குக்கூடக் கிடையாது. மற்றபடி அன்பளிப்பு தாராளமாக வரலாம், முழு வரியும் கட்டவேண்டும், அவ்வளவுதான். பெட்டி மேல் கிஃப்ட் என்று எழுதுவதால் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

இப்போது உங்கள் பில்லுக்கு வருவோம். அதில் மூன்று தொகை இருக்கிறது. டூட்டி, அதாவது சுங்க வரி, 1,805. அதன் கீழே 'அட்வான்ஸ் பேமென்ட்' என்று 750. அதற்கு ஜிஎஸ்டி 135. மூன்றையும் அந்தப் பையன் ஒரே தொகையாகக் கேட்டதால் எல்லாமே சர்க்கார் வாங்குகிற காசு என்று தோன்றியிருக்கும். முதல் தொகைதான் சுங்கத்துறைக்குப் போன பணம். 750 ரூபாய் கூரியர் கம்பெனி தனக்கு எடுத்துக்கொள்ளும் கூலி. விமானத்தில் சரக்கு இறங்கியதும் உங்கள் பெயரில் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிக் கணக்குக் காகிதம்) போட்டு, வரியைத் தன் கையிலிருந்து முதலில் கட்டிவிட்டு, பிறகு உங்களிடம் வசூலிக்கிறார்கள் இல்லையா, அதற்கான கூலி. தம்பி கட்டிய 3,200 சரக்கைத் தூக்கி வருவதற்கு மட்டும்தான்.

இந்தக் கூலியைச் சர்க்கார் நிர்ணயிப்பதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் மாறும், தொகையும் மாறும். பெரும்பாலும் 'வரியில் இத்தனை சதவீதம், அல்லது குறைந்தபட்சம் இவ்வளவு, இரண்டில் எது அதிகமோ அது' என்று வைத்திருப்பார்கள். அடி விழுவது அந்தக் குறைந்தபட்சத்தில்தான். இரண்டு லட்ச ரூபாய் சரக்கு இறக்குகிறவருக்கு அது தூசு. உங்களைப் போல் பிள்ளைகளுக்குச் சட்டை வரவழைக்கிறவருக்கு வரியில் பாதி அளவுக்கு வந்து நிற்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் கம்பெனியின் கட்டணப் பட்டியலில் போட்டிருந்தால் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. பட்டியலில் இல்லாத பெயரில் வாங்கியிருந்தால் தாராளமாகச் சண்டை போடலாம்.

பில்லில் நீங்கள் பார்க்கவேண்டியவை இரண்டு. 18 சதவீத ஜிஎஸ்டி எதன் மேல் போட்டிருக்கிறார்கள்? உங்களுக்கு 750-க்கு 135, கணக்குச் சரி. சிலர் டூட்டியையும் கூலியையும் கூட்டி அந்த மொத்தத்துக்கு 18 சதவீதம் போட்டுவிடுவார்கள். அது தப்பு. உங்கள் சார்பில் கட்டிய வரியைத் திருப்பி வாங்கும்போது அதன் மேல் ஜிஎஸ்டி கிடையாது.

இன்னொன்று, வரி எந்த மதிப்புக்குப் போட்டார்கள் என்பது. பொருளின் விலையோடு விமானக் கூலியையும் இன்சூரன்ஸையும் சேர்த்துத்தான் மதிப்புப் போடுவார்கள். ஆனால் விமானத்தில் வரும் சரக்குக்கு, நீங்கள் உண்மையில் எவ்வளவு கட்டியிருந்தாலும், பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் கூலி சேர்க்கக்கூடாது என்று 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதியில் இருக்கிறது. தம்பி கட்டியது 3,200 ஆனாலும் உங்கள் கணக்கில் ஏறவேண்டியது 1,000 மட்டும். இன்சூரன்ஸ் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம், அதாவது 56 ரூபாய் சொச்சம். ஆக மதிப்பு 6,056. நீங்கள் அனுப்பிய போட்டோவில் இது இல்லை, ஏனென்றால் அது கூரியரின் பில். 'கூரியர் பில் ஆஃப் என்ட்ரி காப்பி வேண்டும்' என்று கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள். உங்கள் பெயரில் போட்ட காகிதம், கேட்டால் கொடுக்கவேண்டும். அதில் 'அசெஸபிள் வேல்யூ' (வரி போட எடுத்துக்கொண்ட மதிப்பு) என்ற கட்டத்தில் 8,200-க்குப் பக்கத்தில் இருந்தால் முழுக் கூலியையும் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே காகிதத்தில் அடிப்படை வரி, ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி), இருந்தால் சமூக நலக் கூடுதல் வரி எல்லாம் தனித்தனியாக இருக்கும். விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் மச்சான் போன வருஷம் கட்டிய கணக்கை வைத்துப் பேசாதீர்கள்.

வரியில் தப்பு என்றால் சுங்கத்துறையிடம்தான் போகவேண்டும். அப்பீலுக்கு 60 நாள் கெடு. கூலியில் தப்பு என்றால் கூரியரிடம். முதலில் எழுத்தில் கேளுங்கள், மசியாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பலன் இல்லையென்றால் ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் மனு போடக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சுங்கத்தில் கேட்க சேது எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் நிற்பதாக இருந்தால், 750-ஐ விட டிக்கெட்டும் டீயும் கூடிவிடும். மெயிலிலேயே பாருங்கள்.

அடுத்த முறைக்கு: அவசரம் இல்லாத சாமானைத் தம்பியை அங்கே தபால் ஆபீஸில் ஈ.எம்.எஸ். என்ற வெளிநாட்டு விரைவுத் தபாலில் போடச் சொல்லுங்கள். வரி அதிலும் உண்டு. ஆனால் நம் தபால்துறை வாங்கும் கட்டணம் சின்னத் தொகை, போஸ்ட்மேன் வீட்டு வாசலில் ரசீது கொடுத்து வாங்கிக்கொள்வார். நாள் கூடுதலாகும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கூரியர்தான் வேண்டும் என்றால், வரியையும் கூலியையும் அனுப்புகிறவரே கட்டும் வழி இருக்கிறதா என்று புக்கிங்கிலேயே கேட்கச் சொல்லுங்கள். அதற்கும் தனிக் கட்டணம் இருக்கும், ஆனால் தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும். நாலைந்து சின்னப் பொட்டலமாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சக் கூலி விழும், ஒரே பெட்டியாகக் கட்டச் சொல்லுங்கள். பார்சலை வேண்டாம் என்று திருப்பிவிடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். திரும்பிப் போகும் கூலியை அனுப்பியவர் தலையில் கட்டிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வருகிறவர் பெட்டியில் கொடுத்துவிடுவது நம் பக்கத்துப் பழைய வழி. அதற்குப் பயணிகள் விதி தனி. ஒன்று மட்டும்: ஒட்டிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் வாங்கி வரக்கூடாது. ஏர்போர்ட்டில் பிடித்தால் பெட்டிக்காரர்தான் பதில் சொல்லவேண்டும்.

கேள்வி: விசைப்படகு வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் உள்ள மைத்துனர் மீன் பார்க்கும் எக்கோ சவுண்டரும் ஒரு சாட்டிலைட் போனும் அனுப்புகிறேன் என்கிறார். டூட்டி எவ்வளவு வரும், அண்ணே?
- ஒரு வாசகர், பாம்பன்

பதில்: போனை விட்டுவிடச் சொல்லுங்கள். துரயா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இங்கே வைத்திருப்பதே குற்றம். இலங்கைக் கடல் எல்லை பக்கத்திலேயே இருக்கும் நம் ஊரில் அது படகில் சிக்கினால், டூட்டி எவ்வளவு என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ட்ரோனும் அப்படித்தான், 2022-லிருந்து முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. எக்கோ சவுண்டர் வரலாம், வரி கட்டினால் போதும். வைஃபை, ப்ளூடூத் உள்ள மாடல் என்றால் வயர்லெஸ் சான்று கேட்டு நிறுத்தலாம், அது இல்லாத சாதாரண மாடலாக வாங்கச் சொல்லுங்கள். கடைப் பில்லைப் பெட்டிக்குள்ளேயும் வெளியேயும் வைக்கச் சொல்லுங்கள். பில் இல்லாவிட்டால் மதிப்பை அவர்களே போடுவார்கள், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

கேள்வி: 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 25 ரூபாய் கட்டவும்' என்று லிங்க்கோடு மெசேஜ் வந்திருக்கிறது. நான் வெளிநாட்டில் எதுவுமே வாங்கவில்லையே?
- ஒரு மாணவர், தொண்டி

பதில்: வாங்காத பார்சலுக்கு ஏது டூட்டி? 25 ரூபாய்க்காக இல்லை, உங்கள் கார்டு எண்ணுக்கும் ஓடிபிக்கும்தான் அந்த லிங்க். அழித்துவிடுங்கள். நிஜமாகவே பார்சல் எதிர்பார்க்கிறவர்களும் மெசேஜில் உள்ள லிங்க்கைத் தொடாமல், கூரியரின் சொந்தத் தளத்தில் ட்ராக்கிங் எண்ணைப் போட்டுப் பார்க்கவேண்டும். ஆதார் காப்பி கேட்பது நிஜக் கூரியரிலும் உண்டு, ஆனால் அதையும் அந்தத் தளத்தில்தான் ஏற்றவேண்டும், யாரோ ஒருவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பக்கூடாது. சுங்க அதிகாரி என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டினாலும் இதேதான், பேசாமல் வைத்துவிடுங்கள். கார்டு விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் பேங்கில் சொல்லிக் கார்டை நிறுத்துங்கள், அடுத்த போன் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு.