தினம் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் குடிக்கலாமுங்களா?

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். 61 வயசாச்சு, பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருக்கறனுங்க. போன வருஷம் எங்கண்ணனுக்கு புராஸ்டேட் கேன்சர்னு ஆபரேஷன் பண்ணாங்க. நோம்பிக்கு வந்த பையன் ரெண்டு பாட்டில் ரெட் ஒயின் கொண்டாந்து வெச்சுட்டு, தினம் ராத்திரி ஒரு கிளாஸ் குடிச்சா இந்தக் கேன்சர் பாதியா குறையுதுன்னு அமெரிக்காவுல கண்டுபிடிச்சிருக்காங்க, குடிங்கப்பாங்கிறானுங்க. நான் கள்ளு கூட தொட்டதில்லீங்க. எனக்கும் ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்கு எந்திரிக்கோணும். குடிக்கலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. பையன் புளுகலீங்க, பாதி சேதியோட நின்னுட்டார், அவ்வளவுதான். அமெரிக்காவுல சியாட்டில்னு ஒரு ஊர், அங்க புராஸ்டேட் (ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற சுரப்பி) கேன்சர் வந்த 753 பேரையும் வராத 703 பேரையும் உக்கார வெச்சு, இத்தனை வருஷமா என்னென்ன குடிச்சீங்கன்னு கேட்டாங்க, வாரம் நாலஞ்சு கிளாஸ் ரெட் ஒயின் குடிச்சவங்களுக்கு கிட்டத்தட்ட பாதிதான் வந்திருக்குன்னு 2005ல எழுதுனாங்க. நோவு வந்தப்புறம் பழசை நெனைச்சு சொல்ற கணக்கு அது, போன மாசம் எத்தனை காய் இறக்குனோம்னு கேட்டாலே நமக்குத் தடுமாறுது. அப்புறம் அங்கயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல 45 ஆயிரத்துக்கு மேல ஆம்பளைங்ககிட்ட முதல்லயே குடிப்பழக்கத்தைக் கேட்டு வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா பின்னாடியே போய்ப் பாத்தாங்க, அந்த லாபம் காணாமப் போயிருச்சு. கலிபோர்னியாவுலயும் இதே கதைதான். 2018ல 17 ஆய்வை ஒண்ணாச் சேத்துப் பாத்தப்ப, ஒயின்னு மொத்தமா எடுத்தா லாபம் ஒண்ணும் தெரியலை, ரெட் ஒயினை மட்டும் தனியாப் பிரிச்சப்ப நூத்துக்குப் பன்னெண்டு பங்கு மாதிரி குறைஞ்சு தெரிஞ்சுது, பையன் சொன்ன பாதி எங்கயும் வரலை.

ரெஸ்வெரட்ரால்னு ஒரு பேரை பையன் சொல்லியிருப்பார், திராட்சைத் தோல்ல இருக்கறது. ஆய்வுக்கூடத்துல செல் மேல ஊத்துனா வேலை செய்யுது, நிசந்தான். ஆனா ஒரு லிட்டர் ஒயின்லயே அது சில மில்லிகிராம்தான், அதுவும் உள்ள போனதும் ஈரல் சீக்கிரமே அதை உருமாத்திருது. ஆல்கஹால் மட்டும் முழுசா வேலை செய்யும். உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் பிரிவு 1988லயே மதுவைக் கேன்சர் உண்டாக்கற பொருள்னு முதல் பட்டியல்ல சேத்துருச்சு, வாய், தொண்டை, ஈரல், குடல்னு நீளும், இதுல ஒயினுக்குத் தனிச் சலுகை ஒண்ணும் கெடையாது.

எனக்கு வெசனம் ஒயின் மேல இல்லீங்க, கடைசியில போற போக்குல எழுதுனீங்களே, அந்த நாலு தடவை மேலதான். ராத்திரி மோட்டார் போட எந்திரிக்கறது வேற, இது வேற. உங்க வயசுல முக்காவாசி இது புராஸ்டேட் சாதாரணமா வீங்கறதுதான், சுகர் இருந்தாலும் இப்படிப் போகும், பயப்பட வேண்டாம். ஆனா கூடப்பிறந்த அண்ணனுக்கு வந்திருக்கறதால மத்தவங்களை விட உங்களுக்கு ரெண்டு மடங்கு வாய்ப்பு இருக்கு, அதனால யூராலஜி டாக்டரைப் பாத்து அண்ணன் விஷயத்தைச் சொல்லி பிஎஸ்ஏன்னு ஒரு ரத்தப் பரிசோதனை (புராஸ்டேட்ல சுரக்கற ஒரு புரதத்தோட அளவு) பண்ணிக்கோணும், கூடவே சுகரும். பிஎஸ்ஏ அளவு அதிகமா வந்தா உடனே கேன்சர்னு ஒறம்பரை முழுக்க போன் போட்டறாதீங்க, வீக்கத்துக்கும் கிருமிக்கும் கூட அது ஏறும், மறுபடி பாத்து தேவைப்பட்டா எம்ஆர்ஐ ஸ்கேன், துளி சதை எடுத்துப் பாக்கற பயாப்சின்னு போவாங்க. ஒயின் குடிச்சீங்கன்னா நாலு தடவை ஆறாகும், புராஸ்டேட்டுக்கு மாத்திரை எழுதிக் குடுத்து அதுக்கு மேல இதையும் குடிச்சா எந்திரிக்கறப்ப பிரஷர் எறங்கித் தலை சுத்தி பாத்ரூம்ல விழுகறதும் நடக்கும்.

கேள்வி: ஒயின் வேண்டாம்னா, எங்க தொண்டாமுத்தூர் பன்னீர் திராட்சையைத் தின்னா அந்தச் சத்து கெடைக்குமுங்களா?

பதில்: தோலோட தின்னா கொஞ்சம் கெடைக்கும். கேன்சருக்கு மருந்துன்னு நெனைக்காம ருசிக்குத் தின்னுங்க, சுகர் இருந்தா ஒரு கைப்பிடியோட நிறுத்திக்கோங்க. மருந்தடிச்ச குலையா இருக்கும், ரெண்டு மூணு தண்ணியில நல்லா அலசிட்டு.