எந்த அழுகை?

கேள்வி: நான் உயர்தரத்தில் கலைப்பிரிவில் படிக்கிறேன். ஒன்றரை வருடமாக ஆங்கிலத்தில் வரும் இளையோர் நாவல்களை வாசித்து, மனதில் பட்டதைக் கொப்பியில் எழுதி வருகிறேன். அதைப் பார்த்த ஆசிரியர் ஒருவர், "இது விமர்சனமில்லை, உன்னுடைய அழுகை; இந்த நாவல்களும் இலக்கியமில்லை" என்றார். ஆறு பக்கங்களின் பிரதியை இத்துடன் அனுப்பியுள்ளேன். நான் தொடர்ந்து எழுதலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆனால் இந்த ஆறு பக்கங்களையும் எழுதியதுபோல அல்ல.

நாவல்களைப் பற்றி உங்கள் ஆசிரியர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை கதை சொல்கிறாள் என்பதற்காக ஒரு நாவல் இலக்கியமல்லாமல் போய்விடாது. 1967 இல் 'தி அவுட்சைடர்ஸ்' வெளிவந்தபோது அதை எழுதிய எஸ். ஈ. ஹின்டனுக்கே வயது 18 தான். அதை இன்றும் வாசிக்கிறார்கள். உங்கள் எழுத்தைப் பற்றி அவர் சொன்னதில் மட்டும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆறு பக்கங்களில் ஒன்பது இடங்களில் 'அழுதேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அழுததில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. எந்த இடத்தில், எதைக் கண்டு அழுதீர்கள் என்று ஓரிடத்திலேனும் சொல்லாமல் விட்டதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நம்மிடம் இதைக் கேட்கத் தெரிந்த நூல் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது மனத்தின் உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலைகளை, சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பிரிக்கிறது. 'இளிவே இழவே அசைவே வறுமை' என்பவை அழுகை பிறக்கும் நான்கு இடங்கள். பிறரால் இகழப்படுவது இளிவு, உரியவரை இழப்பது இழவு, முன்பிருந்த நிலை கெட்டுத் தாழ்வது அசைவு, நான்காவது வறுமை. உயர்தரத்துக்குத் தமிழ் படிக்கும் நீங்கள் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு விடாமல், உங்கள் கொப்பியின் ஒவ்வொரு 'அழுதேன்' மீதும் வைத்துப் பார்த்திருக்கலாம்.

நீங்கள் மிக நீளமாக எழுதியிருக்கும் நாவலையே எடுத்துக்கொள்வோம். ஏஞ்சி தாமஸின் 'த ஹேட் யூ கிவ்' 2017 இல் வந்தது. காலில் என்ற கறுப்பின இளைஞன் தன் தோழி ஸ்டாரின் கண் முன்னால் பொலிஸ்காரரால் சுடப்படுகிறான். அவனிடம் இருந்த தலைவாரும் பிரஷைத் துப்பாக்கி என்று நினைத்ததாகப் பின்னர் சொல்லப்படுகிறது. அங்கே அழுதால் அது இழவு. ஆனால் இறந்தவனைப் போதைப்பொருள் விற்றவன், கும்பலைச் சேர்ந்தவன் என்று தொலைக்காட்சி பேசத் தொடங்கும்போது வருவது வேறு அழுகை. தன் பாடசாலைத் தோழிகளிடம் ஸ்டாரே அவனைத் தெரியாது என்று மறைத்துவிட்டுக் கூசும்போது வருவது இன்னும் வேறானது. பின்னிரண்டும் இளிவு. இந்த மூன்றையும் நீங்கள் ஒரே சொல்லால் கடந்துவிட்டீர்கள்.

நான்காம் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், சிறிய எழுத்தில் நீங்கள் எழுதியிருப்பது மட்டும் அப்படியல்ல. ஸ்டாருக்குப் பன்னிரண்டு வயதானபோது, பொலிஸ்காரர் மறித்தால் கைகளைத் தெரியும்படி வைத்திரு, சட்டென்று அசையாதே, கேட்டால் மட்டும் பேசு என்று தந்தை சொல்லிக்கொடுக்கும் பகுதியை நீங்கள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே இருப்பது இது: "அம்மா வெண்டிக்காய் வெட்டினதை நிப்பாட்டிற்றா. எங்கட அம்மாவும் இப்பிடித்தான் சொல்லி அனுப்பினவ, ஐசியை (அடையாள அட்டையை) கையில வச்சிரு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு எண்டு. பிறகு, போதும், வாசிக்காத எண்டா." ஆறு பக்கங்களிலும் உண்மையான வாசிப்பு நடந்திருப்பது இங்கேதான். அதை நீங்கள் ஓரத்தில் ஒதுக்கியதற்குக் காரணம், வீட்டில் நடந்தது விமர்சனத்துக்குள் வரக்கூடாது என்று யாரோ உங்களுக்குப் பழக்கியிருப்பது என்று நினைக்கிறேன்.

அம்மா ஏன் நிறுத்தச் சொன்னார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் நம் திருகோணமலையில் ஒரு குறிப்பிட்ட வயதைக் கடந்த எவரும் அந்த நாவலை வெறும் அமெரிக்கக் கதையாக வாசிக்க முடியாது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, நீங்கள் பிறக்கும் முன்னர், நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களிடமிருந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றே முதலில் சொல்லப்பட்டது. அவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டிய படங்களை எடுத்த செய்தியாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். பிள்ளையை இழந்த பிறகு, அந்தப் பிள்ளையைப் பற்றிய பொய்யையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது என்பது இங்கே இழவின் மேல் வந்த இளிவு. நாவலின் அந்தத் தொலைக்காட்சிப் பகுதி உங்களை ஏன் தாக்கியது என்பதற்கு விடை உங்கள் சமையலறையிலும் இருந்திருக்கலாம்.

இதைச் சொல்வதால் அவர்கள் கதையும் நம் கதையும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்துக்கு அடிமைமுறையிலிருந்து தொடங்கும் தனி வரலாறு இருக்கிறது. எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதை நிதானமாகப் பிரித்துக்காட்டுவதுதான் உங்கள் வேலை. அதைச் செய்தால் அது விமர்சனமல்ல என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது.

காதல் நாவல் ஒன்றை 'பிடிக்கவில்லை' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அதற்கும் இதே கேள்விதான்: எந்தப் பக்கத்தில் பிடிக்காமல் போனது?

நான்காம் பக்கத்தை மட்டும் திரும்ப எழுதி அனுப்புங்கள். பென்சிலால் எழுதியதை முதல் பத்தியாக வையுங்கள். அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் வாசித்துக்காட்டி, அச்சில் வருவது அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் அந்தக் கொப்பி உங்களிடமே இருக்கட்டும்.