ஐவி லீக்கில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்குவாஷ் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் நிச்சயம் என்று நியூஜெர்சியிலிருக்கும் மைத்துனர் சொல்கிறாராம். தனிப்பயிற்சிக்காக மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டு, சென்னையைச் சேர்ந்த ஒரு தந்தை பிளஸ் ஒன் படிக்கும் மகளுடன் என்னிடம் வந்திருந்தார்.

ஐயா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அப்படியொரு ஸ்காலர்ஷிப்பே இல்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா உள்ளிட்ட, ஐவி லீக் எனப்படும் எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் 1954ஆம் ஆண்டு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, விளையாட்டுத் திறமைக்காக ஒரு டாலர்கூடத் தருவதில்லை. பயிற்சியாளர் சேர்க்கை அலுவலகத்திடம் பரிந்துரைக்கலாம். பணமோ குடும்பத்தின் நிதிநிலையைப் பார்த்தே வரும். ஸ்டான்ஃபோர்டு, டியூக் போன்றவை விளையாட்டுக்காகவே பணம் தருகின்றன என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பணம் அணியில் ஆடுவதோடு பிணைந்தது.

உறவினர்கள் யாரும் பெயர்கூடச் சொல்லாத ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியைப் பாருங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1821இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரியில் ஏறக்குறைய 1,900 மாணவர்களே படிக்கிறார்கள். உதவி கேட்கும் வெளிநாட்டு மாணவரை அந்தக் காரணத்துக்காக ஒதுக்குவதில்லை. சேர்த்துக்கொண்டால், குடும்பத்தால் இயலாத தொகை முழுவதையும், கல்விக்கடனைத் திணிக்காமல், கல்லூரியே ஏற்கிறது. கட்டாயப் பொதுப்பாடங்கள் இல்லாததால் முதல் ஆண்டிலேயே உயிரியலில் இறங்கலாம். அருகிலுள்ள நான்கு கல்வி நிறுவனங்களின் வகுப்புகளிலும் சேரலாம். ஸ்குவாஷ் அணியும் உண்டு. இடம் கிடைப்பது மிகக் கடினம் என்பதையும் மறைக்கவில்லை.

உதவிக்கு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்னும் படிவத்தில் வருமானம், சேமிப்பு, சொந்த வீடு, தம்பியின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் உள்ளபடி எழுத வேண்டும். கௌரவம் பார்த்து "உதவி வேண்டாம்" என்று குறித்துவிடாதீர்கள். சேர்க்கையின்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னர் கேட்கப் பல கல்லூரிகள் அனுமதிப்பதில்லை.

தனியாகக் கேட்டபோது உங்கள் மகள், நான்கு ஆண்டும் போட்டிகளுக்காக ஓடுவதைவிட ஆய்வகத்தில் இருக்கவே ஆசை என்றாள். தேவை அடிப்படையிலான உதவியென்றால், இரண்டாம் ஆண்டில் அவள் மட்டையைக் கீழே வைத்தாலும் அந்தத் தொகை குறையாது. நகை பீரோவிலேயே இருக்கட்டும். இந்த வாரம் மூன்று ஆண்டு வருமானவரிக் கணக்குகளை எடுத்து வையுங்கள், மைத்துனரிடம் நானே பேசுகிறேன்.