முயல் உலகத்துக்குள் வந்த ஓநாய்: உசாகி யோஜிம்போ கேள்வி பதில்

ஸ்டான் சகாய் 1984 முதல் வரைந்துவரும் முயல் சாமுராய் காமிக்ஸ் தொடர் 'உசாகி யோஜிம்போ'. பழைய சாமுராய் மங்காவுக்கு (ஜப்பானிய காமிக்ஸ்) அது செய்யும் மரியாதை பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: தள்ளுவண்டியோடு வரும் ஆடும் குட்டியும் யார்?

கசுவோ கொய்கே எழுதி கோசெகி கோஜிமா வரைந்த 'லோன் வுல்ஃப் அண்ட் கப்' நாயகர்கள்தான். 1970 முதல் 1976 வரை வந்த தொடர், மொத்தம் 28 தொகுதிகள். ஜப்பானின் ராணுவ ஆட்சியாளரான ஷோகனின் தண்டனை நிறைவேற்றுநராக இருந்த ஒகாமி இட்டோ, யாக்யூ குலத்தின் சதியால் எல்லாம் இழந்து, மகன் தைகோரோவை வண்டியில் வைத்துத் தள்ளியபடி 500 ரியோ (அக்காலத் தங்க நாணயம்) கூலிக்குக் கொலை செய்கிறான். சகாயின் கையில் அவன் யாகி என்ற ஆடு, மகன் கோரோகோரோ.

கே: அந்தக் கதை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? தேடினால் கிடைக்கவில்லை.

5ஆம் தொகுதி. தலைப்பே 'லோன் கோட் அண்ட் கிட்'. முதல் 7 தொகுதிகள் ஃபேன்டகிராஃபிக்ஸ் வெளியீடு, 8ஆம் தொகுதியிலிருந்துதான் டார்க் ஹார்ஸ். டார்க் ஹார்ஸ் பட்டியலில் மட்டும் தேடுகிறவர்களுக்கு இது தட்டுப்படாமல் போவது வழக்கம்.

கே: நானும் இப்படி ஒரு விலங்குக் கதை வரைகிறேன். படித்தவர்கள் எல்லோரும் "நகல் மாதிரி இருக்கு" என்கிறார்கள். என்ன தவறு?

பெரும்பாலும் முகத்தை மட்டும் மாற்றியிருப்பீர்கள். மனித உடல் மேல் விலங்குத் தலையை ஒட்டினால் அது வெறும் முகமூடி. சகாயின் குருட்டு வாள்வீரன் ஸாட்டோ-இனோவைப் பாருங்கள். ஜப்பானிய சினிமாவின் குருட்டு வாள்வீரன் ஸாட்டோஇச்சிக்குக் காதுதான் கண். இனோ பன்றி என்பதால் எதிரியை மோப்பத்தால் அறிகிறான். அதனால் சண்டையே வேறாகிறது: காற்று வீசும் திசை முக்கியமாகிறது, மூக்கில் விழும் வெட்டு அவனுக்குப் பேரிழப்பாகிறது. உசாகியின் நீண்ட காதுகளும் அப்படித்தான், சாமுராய் குடுமியாகவே முடியப்பட்டிருக்கின்றன.

செய்முறை இது. மூலத்தில் எதை எடுத்தால் கதை விழுந்துவிடுமோ, அப்படி இரண்டு மூன்று அம்சங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாகி விஷயத்தில் வண்டி, குழந்தை, கூலிக்கொலை. மீதியை உங்கள் விலங்கின் உடலும் உங்கள் கதையின் நீதியும் முடிவு செய்யட்டும். மூலப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வரையுங்கள். திறந்து வைத்திருந்தால் கட்டங்களின் அமைப்பு அப்படியே உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும், பெயர் மாற்றியும் பயனில்லை.

கே: மங்காவில் ரத்தம் பீறிடும். இதில் அவ்வளவு சாவு இருந்தும் குழந்தைகள் படிக்கிறார்களே?

சகாய் பெரும்பாலும் ரத்தத்தைக் காட்டுவதில்லை. உயிர் பிரிந்ததும் அந்த உடலிலிருந்து பேச்சுக்குமிழ் போல ஒரு குட்டி மண்டையோடு கிளம்பும், அவ்வளவுதான். கோஜிமாவின் தூரிகை வேகத்தைக் கடன் வாங்கியிருந்தால் இந்த மென்மை கிடைத்திருக்காது. சகாயின் கோடு தெளிவானது, மூடியது. அது சரியான முடிவு.

கே: 'லோன் வுல்ஃப்' ஆங்கிலப் பதிப்பைப் பார்த்து வரைந்தேன். வாள் தவறான பக்கம் இருப்பதாக ஒருவர் சொன்னார்.

சரியாகத்தான் சொன்னார். இடமிருந்து வலமாகப் படிப்பதற்காக அந்தப் பக்கங்களைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சிட்டார்கள். அதனால் எல்லோரும் இடதுகைக்காரர்களாகத் தெரிவார்கள். வாள்கள் இருக்கவேண்டியது இடது இடுப்பில், கத்தானா என்ற நீண்ட வாளின் கூர்விளிம்பு மேல்நோக்கி. கிமோனோவின் இடது மடிப்பு வலது மடிப்பின் மேல் வரவேண்டும். மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு மட்டும், அதனால் ஜப்பானிய வாசகர் கண்ணில் இது உடனே உறுத்தும். பக்கத்தை ஸ்கேன் செய்து கிடைமட்டமாகத் திருப்பிவிட்டுப் பாருங்கள். 'உசாகி' முதலிலிருந்தே இடமிருந்து வலமாக வரையப்பட்டது என்பதால் அதை அப்படியே மாதிரியாகக் கொள்ளலாம்.

வாள் அளவு: கத்தானாவின் அலகு 2 ஷாக்குவுக்கு மேல், அதாவது சுமார் 60 செ.மீ.க்கு மேல். அதோடு சேர்த்துச் செருகும் துணைவாள் வாகிஸாஷி அதைவிடச் சிறியது. குள்ளமான விலங்குக்கு இதே அளவு வாளைக் கொடுத்தால் உறை தரையில் இழுபடும், உருவத்துக்கேற்ப வாளையும் சுருக்குங்கள்.

கே: தந்தை-மகன் பயணம் அந்த ஒரு கதையோடு முடிந்துவிட்டதா?

இல்லை. 18ஆம் தொகுதி 'டிராவல்ஸ் வித் ஜோதாரோ'வில் உசாகியே தன் மகனோடு நடக்கிறான். தான்தான் தந்தை என்று அவனிடம் சொல்வதில்லை. வண்டியும் கூலிக்கொலையும் இல்லாமலே அந்த மங்காவின் பாதிப்பு இங்கேதான் ஆழமாக இருக்கிறது என்பது என் கருத்து. யாகி கதையைப் படித்த கையோடு இதை எடுங்கள்.