மாடுலர் சிந்தசைசரில் பேட்ச்சை எப்படிக் குறித்து வைப்பது?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: கானாவுக்கு டோலக் மாதிரி ஒரு அடி அமைந்தது, வயரைக் கழற்றியதும் போய்விட்டது, இனி என்ன செய்வது என்று.

மாடுலர் சிந்தசைசர் என்பது மாடுல் எனும் தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் கருவி. பெரும்பாலான மாடுல்களில் நினைவகம் கிடையாது. வயர் இணைப்பும் திருகு (நாப்) நிலையும் சேர்ந்ததுதான் பேட்ச். ஒரு போட்டோ போதாது, வயர்கள் திருகுகளை மறைத்துவிடும். வயரோடு ஒன்று எடுங்கள். அப்புறம் திருகைத் தொடாமல் வயரை மட்டும் கழற்றி, நேர் எதிரே நின்று இன்னொன்று.

ஆனாலும் நான் நம்புவது நோட்டைத்தான். ஒரு வயருக்கு ஒரு வரி, திருகின் கோடு கடிகார முள் போல எந்த மணியில் நிற்கிறதோ அந்த மணி. ஆசிலேட்டர் ஒலியை உண்டாக்கும் மாடுல், சைன் அதன் மென்மையான அலை. விசிஏ ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும். என்வலப் என்பது ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்கும் வோல்டேஜ்; அட்டாக் ஏறும் நேரம், டிகே இறங்கும் நேரம். உங்கள் அடி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

ஆசிலேட்டர் சைன் → விசிஏ
என்வலப் → ஆசிலேட்டர் சுருதி, அளவு 2 மணி
அதே என்வலப் → விசிஏ
அட்டாக் முழுக்க இடது, டிகே 9 மணி

கீழே காரணத்தையும் எழுதுங்கள்: "சுருதி சட்டென்று இறங்குவதால்தான் அந்தத் தொம்." இந்த ஒரு வரி இருந்தால் வேறு கம்பெனி மாடுலிலும் அதே அடியைக் கட்டிவிடலாம். மணிக் கணக்கு மட்டும் இருந்தால் முடியாது.

அனலாக் ஆசிலேட்டர் சூட்டில் சுருதி நகரும். நம்ம ஊர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் கருவி சூடேறி நிலைத்தபின் ட்யூனரில் பார்த்து ஸ்வரத்தையும் குறியுங்கள்.

எஃபெக்ட் இல்லாமல் ஒரு நிமிடம் பதிவு செய்வதும் அவசியம். தாறுமாறாக மாறும் ரேண்டம் வோல்டேஜ் ஓட்டும் பேட்ச் என்றால் நீளமாகவே பதியுங்கள், அதே வரிசை மறுபடி வராது.