டிராகுலாவின் அங்கி மேடையில் தெரியவில்லை என்றால்

நாடகத்தில் டிராகுலாவின் அங்கி கறுப்பு வெல்வெட்டில் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள், விளக்கைக் கூட்டிப் பயனில்லை. கறுப்புத் திரைக்கு முன்னால் நடிகரின் தலை மட்டும் மிதப்பதுபோல் இருந்தால், காரணம் பெரும்பாலும் வெல்வெட்தான். அதன் இழைகள் ஒளியை விழுங்கிவிடும். நீல விளக்கில் சிவப்பு உள்துணியும் கறுப்பாகவே தெரியும்.

அடர்சாம்பல் நிறத்தில் சாட்டின் என்ற பளபளப்பான துணியை எடுங்கள். மடிப்பு விளிம்புகளில் ஒளி பிடித்து உருவம் எழும்பி நிற்கும். தைக்கும் முன் துணியை அதே விளக்கில் தொங்கவிட்டு, கடைசி வரிசையிலிருந்து கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பாருங்கள். மடிப்புகள் தெரிந்தால் சரி.

கறுப்பை விட மனமில்லையா? 1992இல் வந்த டிராகுலா படத்தில் உடை வடிவமைப்பாளர் எய்கோ இஷியோகா, கிழப் பிரபுவாக வரும் டிராகுலாவுக்குத் தரையில் புரளும் சிவப்பு அங்கி கொடுத்தார். எவ்வளவு துணிச்சல்! ஆஸ்கரும் கிடைத்தது.

ஒன்று மட்டும்: நேரடி வெள்ளை விளக்கில் சாட்டின் மலிவாகப் பளபளக்கும். பக்கவாட்டு ஒளியே நல்லது.