பூங்கா இடத்தில் பழமரம் வைக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் குடியிருக்கிறோம். பூங்காவுக்கென்று விட்ட 18 சென்ட் இடத்தில் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. நாற்பது வீட்டுக்காரர்கள் கூடி வெட்டிச் சுத்தம் செய்துவிட்டோம். விளா, களா, பாலை, வெள்ளை நாவல், அரைநெல்லி என்று பிள்ளைகள் கண்ணால் கண்டிராத பழமரங்களை அங்கே எல்லாருக்கும் பொதுவாக வளர்க்க ஆசை. கவுன்சிலர் “தாராளமா வைங்க” என்கிறார். மனை போட்டவரின் மகனோ, “பட்டா எங்க அப்பா பேர்லதான் இருக்கு, வச்சா பிடுங்கிருவேன்” என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, கட்டாயம் வையுங்கள். ஆனால் கையில் காகிதம் வந்த பிறகு வையுங்கள். விதை போட்டு வளர்த்த விளா காய்க்கப் பதினைந்து வருஷம்கூட ஆகும். கவுன்சிலரின் பதவிக்காலம் 5 வருஷம். அவர் வாய்வார்த்தை அதுவரை நிற்காது.

முதலில் அந்த மகனின் மிரட்டலைப் பார்ப்போம். பட்டா ஒரு வருவாய்த்துறை ஆவணம். அது மட்டுமே ஒருவரை நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆக்கிவிடாது. இன்றைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். உங்கள் இடத்துக்கு அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில், மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்ற ஆண்டிலிருந்து வில்லங்கச் சான்று போடுங்கள். இன்று மாநகராட்சிக்குள் இருக்கும் பல பகுதிகள் முன்பு ஊராட்சியாக இருந்தவை. அதனால் பத்திரம் ஊராட்சித் தலைவர் பெயருக்கு எழுதப்பட்டிருக்கலாம். அப்படி இருந்தாலும் செல்லும்.

பத்திரம் இருந்தால், பட்டாவை மாற்றிக்கொள்ளச் சொல்லி மாநகராட்சிக்கு மனுக் கொடுங்கள். இல்லாவிட்டாலும் கலங்க வேண்டாம். அங்கீகரித்த வரைபடத்தில் ‘பூங்கா’ என்று இருப்பதே பெரிய பலம். அதன் சான்றிட்ட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் பெங்களூரு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனை போட்டவரின் மகன் வேலி போட வந்தால், குடியிருப்போர் எல்லார் சார்பிலும் உங்களில் சிலர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். அவரோடு தெருவில் நின்று சண்டை போடாதீர்கள்.

சரி, இடம் மாநகராட்சியுடையது என்றே வையுங்கள். மரம் வைக்க நீங்கள் பெறுவது வெறும் அனுமதிதான், நில உரிமை இல்லை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவுப்படி, இப்படிக் கொடுத்த அனுமதியைப் பொதுவாகத் திரும்பப் பெற்றுவிடலாம். அனுமதியை நம்பிச் செலவு செய்து நிலையான வேலை செய்தவருக்கு அந்தப் பிரிவே ஒரு பாதுகாப்பும் தருகிறது. ஆனால் மரம் நடுவது ‘நிலையான வேலை’யா என்று பிறகு வழக்காட வேண்டிவரும். அந்தத் தொல்லையே வேண்டாம். குடியிருப்போர் சங்கத்தை 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யுங்கள், ஏழு பேர் போதும். சங்கத்தின் பெயரில் ஆணையருக்கு மனுக் கொடுத்து, மாமன்றத் தீர்மானத்தோடு பராமரிப்பு ஒப்பந்தம் கேளுங்கள்.

அந்த ஒப்பந்தத்தில் பழத்தைப் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். மண்ணில் வேர்விட்ட மரம் மண்ணுக்கு உரியவருக்கே சேரும். எழுதி வைக்காவிட்டால், காய்க்கிற காலத்தில் யாராவது மகசூலை ஏலம் விடக் கேட்பார்கள். ‘பழம் பொதுமக்களுக்கு இலவசம், விற்பனை இல்லை’ என்று எழுதுங்கள். வாசலுக்குப் பூட்டுப் போட்டுச் சங்க உறுப்பினருக்கு மட்டும் சாவி கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். பூட்டுப் போட்டால் அது பூங்காவாக இருக்காது, உங்கள் வழக்கின் பலமும் போய்விடும்.

அப்புறம், இடம் போதவில்லை என்று பாளையங்கால்வாய்க் கரையில் நட்டுவிடாதீர்கள். அது நீர்நிலைப் புறம்போக்கு, எந்த நல்ல எண்ணமும் அங்கே எடுபடாது.

கன்று எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போய் ஆசையாக ஒரு கன்றைப் பிடுங்கி வந்தாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கும் சொந்தக்காரர் பெட்டிக்குள் விதையும் கன்றும் போட்டுக் கொண்டுவருவதும் தவறு, அதற்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். நீங்கள் சொன்ன மரங்களுக்குக் காட்டுக்கும் போக வேண்டாம், வெளிநாட்டிலிருந்தும் வர வேண்டாம். கிராமத்துத் தோட்டங்களில் விதை கேட்டு வாங்கி, இப்போதே பையில் முளைக்கப் போடுங்கள். இன்றே மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்குள் ஒப்பந்தம் கைக்கு வந்தால் அந்த ஈரத்திலேயே நட்டுவிடலாம். தாமதமானால் கன்றுகள் பையிலேயே ஒரு வருஷம் இருக்கட்டும்.